பாரிஸில் எந்த டிக்கெட்? முதலில் கிழமையைப் பாருங்கள்

மே மாதம் பிறந்தால் புதுச்சேரியிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "விசா வந்தாச்சு, ஜூன்ல வர்றோம். மெட்ரோவுக்கு என்ன வாங்கி வைக்கணும்?" அத்தை கேட்பார், சித்தப்பா கேட்பார், கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். பதிலுக்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: "என்ன கிழமை வந்து இறங்குறீங்க?"

எத்தனை நாள் தங்குகிறோம் என்பதைச் சொன்னால் போதும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பாரிஸில் அது போதாது. இங்கே விற்கும் வாரப் பாஸ் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாளைக் கணக்கிடாது. திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு நள்ளிரவோடு முடிந்துவிடும். புதன்கிழமை வாங்கினாலும் அந்த ஞாயிறுடன் சரி. ஒரு வாரத்துக்கான பாஸை அந்த வாரத்தின் வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளி முதல் கிடைப்பதெல்லாம் அடுத்த திங்களில் தொடங்குவது. என் தங்கை வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கி, போனிலேயே வாரப் பாஸை வாங்கிவிட்டு, கேட்டில் போனை வைத்து வைத்துப் பார்த்தார். திறக்கவே இல்லை. பாஸில் எந்தக் கோளாறும் இல்லை, அது திங்கட்கிழமைதான் உயிர் பெறும். அந்த இரண்டு நாளுக்கும் தனி டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று.

இணையத்தில் தமிழில் கிடைக்கும் பழைய குறிப்புகளை நம்பி வராதீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2025 ஜனவரி 1 அன்று பாரிஸ் வட்டாரத்தின் கட்டண முறையே மாறிவிட்டது. அதற்கு முன்பு நகரத்துக்கு ஒரு விலை, புறநகருக்குத் தூரத்தைப் பொறுத்து வேறு விலை; வெர்சாய் அரண்மனைக்கு ஒன்று, டிஸ்னிலேண்டுக்கு இன்னொன்று. இப்போது மெட்ரோ, நகரின் குறுக்கே புறநகர் வரை ஓடும் விரைவு ரயிலான ஆர்.இ.ஆர்., புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட், 2025-இல் 2.50 யூரோ. பாரிஸும் புறநகரும் சேர்ந்த இல்-து-பிரான்ஸ் வட்டாரம் முழுக்க, எவ்வளவு தூரம் போனாலும் அதே விலைதான். பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் தனி டிக்கெட், 2 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம், 13 யூரோ. இதில் நான் சொல்லும் விலைகள் எல்லாம் 2025-ஆம் ஆண்டுக்கானவை. ஒவ்வொரு ஜனவரியிலும் கொஞ்சம் ஏற்றுவார்கள், அதனால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எது லாபம் என்ற கணக்கு அதனால் பெரிதாக மாறாது.

இந்த மாற்றத்தால் அதிகம் பயன்பட்டது நம்மைப் போன்ற குடும்பங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரிலிருந்து வருபவர்களில் பலர் ஹோட்டலில் தங்குவதில்லை. உறவினர் வீட்டில் தங்குவார்கள், அந்த வீடு பெரும்பாலும் புறநகரில் இருக்கும். முன்பெல்லாம் தினமும் நகரத்துக்குள் போய்த் திரும்பும் செலவை நினைத்தே, "இன்னிக்கு வீட்லயே இருந்துக்கறோம்" என்று சொல்லிவிடுவார்கள். இப்போது ஐஃபில் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவரும், கடைசி ஆர்.இ.ஆர். நிறுத்தத்தில் இருப்பவரும் ஒரே விலைக்குப் பயணம் செய்யலாம்.

நான்கு வழிகள்

வந்திறங்குபவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது நவிகோ ஈசி அட்டை. 2 யூரோ கொடுத்து வாங்கி, அதில் வேண்டிய அளவு டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளலாம். பெயரோ படமோ தேவையில்லை. ஆளுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே அட்டையை நான்கு பேருக்கு நான்கு முறை தட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. இரண்டாவது ஒருநாள் பாஸ், நவிகோ ஜூர், 12 யூரோ. மூன்றாவது வாரப் பாஸ், நவிகோ செமேன், 31.60 யூரோ. நான்காவது, சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கும் பாரி விசிட்.

லண்டன் வழியாக வருபவர்கள் ஐந்தாவதாக ஒன்றை எதிர்பார்த்து வருவார்கள். அங்கே வங்கி அட்டையைக் கேட்டில் தட்டினால் திறந்துகொள்ளும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பாரிஸ் மெட்ரோ கேட்டில் வங்கி அட்டையைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. இங்கே என்ன வாங்குவது என்பதை நாம்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

பாரி விசிட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஒரு நாளுக்குக் கிட்டத்தட்ட 30 யூரோ, ஐந்து நாளுக்கு 70 யூரோவுக்கு மேல். விமான நிலையமும் அதில் அடக்கம், சில அருங்காட்சியகங்களில் சிறு தள்ளுபடியும் உண்டு. ஆனால் 31.60 யூரோ வாரப் பாஸிலும் விமான நிலையம் அடக்கம்தான். வார நடுவில் தொடங்கி அடுத்த வாரம் முடியும் பயணத்துக்குச் சிலர் இதைச் சொல்வார்கள். அதற்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தனி டிக்கெட்டே மலிவு. என் வீட்டுக்கு வந்த எவரையும் இதை வாங்க நான் விட்டதில்லை.

கணக்கு எங்கே திரும்புகிறது

உண்மையான போட்டி தனி டிக்கெட்டுக்கும் வாரப் பாஸுக்கும் இடையில்தான். அதைத் தீர்மானிப்பது சார்ல் து கோல் விமான நிலையத்தின் 13 யூரோ.

செவ்வாய்க்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனி டிக்கெட்டில் போனால் விமான நிலையம் போக, வர 26 யூரோ. ஈசி அட்டைக்கு 2. ஆக, ஊருக்குள் ஒரு அடி வைப்பதற்கு முன்பே 28 யூரோ ஆகிவிடுகிறது. வாரப் பாஸ் 31.60, அதை ஏற்றும் படம் ஒட்டிய அட்டைக்கு 5, மொத்தம் 36.60. வித்தியாசம் 8.60 யூரோதான். மெட்ரோவில் நான்கு முறை ஏறினாலே அது தீர்ந்துவிடும். அதாவது முதல் நாள் சாயங்காலமே பாஸ் தன் விலையை மீட்டுவிடும், மிச்ச நாட்கள் எல்லாம் கையிலிருந்து காசு போகாது. ஒரு நாளைக்கு நான்கு பயணம் வீதம் நான்கு நாள் சுற்றினால் தனி டிக்கெட்டில் 68 யூரோ ஆகும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அதே வாரத்தில் விமான நிலையப் பயணம் ஒன்றுதான் வருகிறது என்றால், அதாவது புதன் வந்து அடுத்த வாரம் கிளம்புகிறீர்கள் என்றால், ஞாயிறுக்குள் ஒன்பது முறை மெட்ரோ ஏறினால் வாரப் பாஸ் லாபம். புதன் முதல் ஞாயிறு வரை ஒன்பது பயணம் என்பது எளிதில் வந்துவிடும். வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்து ரயிலிலேயே போகிறவர்களுக்கு விமான நிலையக் கணக்கே கிடையாது. அவர்கள் 14 முறை ஏறினால்தான் பாஸ் பலன் தரும். மூன்று நாள் மட்டும் தங்கும் அவர்களுக்கு நான் ஈசி அட்டையைத்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை வந்து செவ்வாய் கிளம்புபவர்கள் நிலைதான் சங்கடமானது. அவர்களுக்கு வாரம் மாறும் கோடு பயணத்தின் குறுக்கே விழுகிறது. அந்த வாரத்துப் பாஸை வெள்ளியன்று விற்கவே மாட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுக்கும் தனி டிக்கெட். அதிகம் சுற்றும் நாளுக்கு மட்டும் ஒருநாள் பாஸ். 12 யூரோவை 2.50-ஆல் வகுத்தால் ஐந்தாவது பயணத்தில் ஒருநாள் பாஸ் லாபத்துக்கு வரும். இதில் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும்: அது 24 மணி நேரத்துக்கானது அல்ல, நள்ளிரவோடு முடிவது, விமான நிலைய ரயிலுக்கும் செல்லாது. இரண்டாவதை அறியாமல் சார்ல் து கோல் நிலையத்தில் வெளியேறும் கேட்டருகே சூட்கேஸோடு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் விமான டிக்கெட் இன்னும் எடுக்காதவர்கள் கேட்டால் நான் சொல்வது: விலை ஒன்றாக இருந்தால் திங்கள் அல்லது செவ்வாயில் வந்து இறங்குங்கள், ஞாயிறில் கிளம்புங்கள்.

குழந்தைகளுக்கு இதே கணக்கைப் போடக் கூடாது. நான்கு வயதுக்குள் இருந்தால் இலவசம். நான்கு முதல் ஒன்பது வயது வரை தனி டிக்கெட்டுகள் பாதி விலை: மெட்ரோ 1.25, விமான நிலையம் 6.50. வாரப் பாஸில் அந்தப் பாதி விலை இல்லை. ஏழு வயதுப் பிள்ளை நான்கு நாளில் பதினாறு முறை ஏறினாலும் இரண்டு வழியும் ஏறக்குறைய சமமாகத்தான் வரும். ஆகவே பெற்றோருக்கு வாரப் பாஸ், பிள்ளைக்குப் பாதி விலை டிக்கெட் ஏற்றிய ஈசி அட்டை என்று பிரித்து வாங்குங்கள். கவுன்ட்டரில் "குடும்பத்துக்கு எல்லாமே ஒரே மாதிரி" என்று கேட்டுவிடாதீர்கள்.

முழங்கால் கணக்கு

இதுவரை சொன்னது காசுக் கணக்கு. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது.

பாரிஸ் மெட்ரோ 1900 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் தெருவுக்கடியில் தோண்டிய நிலையங்களில் லிஃப்ட் வைக்க இடமில்லை. பிறகு சேர்ப்பதும் எளிதாக இல்லை. 300-க்கும் மேற்பட்ட நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் படிக்கட்டுதான் வழி. ஆரம்பம் முதல் கடைசி வரை லிஃப்டோடு கட்டப்பட்டது 14-ஆம் எண் பாதை ஒன்றுதான். ஷாத்லே நிலையத்தில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நடக்கும் தூரத்தையும் மோன்பார்னாஸில் அந்த நீண்ட சுரங்க நடைபாதையையும் வரைபடத்தில் பார்த்தால் ஒரு சின்னப் புள்ளியாகத்தான் தெரியும்.

என் அம்மா முதல்முறை வந்தபோது இதை நான் யோசிக்கவில்லை. ஊரில் தெரு முனை வரை ஆட்டோவில் போகிறவர். இரண்டு நாள் மெட்ரோவிலேயே கூட்டிக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது அவர் முழங்காலைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவர் ஊர் திரும்பும்வரை பஸ்தான். பாரிஸ் நகர பஸ்கள் தாழ்தளப் பஸ்கள், ஏறுவது எளிது. வயதானவர்களைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே கண்ணுக்கு முன்னால் ஓடும். 69-ஆம் எண் பஸ் பாஸ்தில், லூவ்ர், ஒர்சே அருங்காட்சியகம் எல்லாம் தாண்டி ஐஃபில் கோபுரத்தடி மைதானம் வரை போகும். மெட்ரோவில் இரண்டு நாள் போனபோது அம்மா பார்த்தது இருட்டுச் சுரங்கம். பஸ்ஸில்தான் அவர் பாரிஸைப் பார்த்தார்.

இங்கேதான் டிக்கெட் விஷயம் மறுபடி நுழைகிறது. மெட்ரோ டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் மெட்ரோ, ஆர்.இ.ஆர். என்று மாறிக்கொள்ளலாம், ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அது முடிந்தது. பஸ் டிக்கெட்டில் 90 நிமிடத்துக்குள் பஸ்ஸிலிருந்து பஸ்ஸுக்கோ ட்ராமுக்கோ மாறலாம். மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாற மட்டும் வழியில்லை, இன்னொரு டிக்கெட் போட வேண்டும். புறநகரிலிருந்து ஆர்.இ.ஆரில் வந்து, பிறகு பஸ் ஏறினால் ஒரு வழிக்கு 4.50 யூரோ. கையில் தனி டிக்கெட் இருந்தால் வயதானவர்கள் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். "இரண்டு நிறுத்தம்தானே, நடந்துடறேன்." அப்படிச் சொல்லிவிட்டு நடப்பார்கள், சாயங்காலம் முகம் வாடிப்போயிருக்கும். வாரப் பாஸ் இருந்தால் ஒரு நிறுத்தத்துக்கும் பஸ் ஏறலாம், தவறான பஸ் என்றால் இறங்கி மாறலாம், மழை வந்தால் முதலில் வரும் ட்ராமில் ஒண்டிக்கொள்ளலாம். வெறும் எண்ணிக்கையில் இரண்டு யூரோ நட்டம் வந்தாலும், அறுபது தாண்டியவர்களோடு வந்தால் பாஸையே வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

விமான நிலையத்திலிருந்து

சார்ல் து கோலிலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் கார் து நோர் நிலையத்துக்கு அரைமணி நேரத்தில் வந்துவிடும். அங்கிருந்து ஷாத்லே, சேன் மிஷேல் எல்லாம் அதே ரயிலில் அடுத்தடுத்த நிறுத்தங்கள். இன்னொரு விமான நிலையமான ஓர்லியில் இறங்குபவர்கள் அதிர்ஷ்டசாலிகள்: 2024 ஜூனில் 14-ஆம் பாதையை அங்கு வரை நீட்டிவிட்டார்கள், லிஃப்டிலேயே இறங்கி நேராக நகர நடுவுக்கு வரலாம். இரண்டுக்கும் 13 யூரோ டிக்கெட் அல்லது வாரப் பாஸ்.

சார்ல் து கோலிலிருந்து 350, 351 என்ற சாதாரண பஸ்களும் உண்டு, 2 யூரோ பஸ் டிக்கெட் போதும். முதுகுப் பையோடு தனியாக வரும் மாணவருக்கு நல்ல வழி. மாவடுவும் ஊறுகாயும் நிரப்பிய இரண்டிரண்டு சூட்கேஸோடு வரும் குடும்பத்துக்கு, நடுநடுவே நின்று நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் பஸ் வேண்டாம்.

நான்கு பேராக வந்தால் டாக்சியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் டாக்சிக் கட்டணம் அரசு நிர்ணயித்தது: சார்ல் து கோலிலிருந்து சேன் நதிக்கு வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65. நான்கு பேருக்கு ரயிலே 52 யூரோ ஆகிறது. வெள்ளிக்கிழமை இரவில் குழந்தைகளோடு இறங்குகிறவர்கள் யோசிக்காமல் டாக்சி எடுக்கலாம். வாசலில் வரிசையில் நிற்கும் டாக்சியில் மட்டும் ஏறுங்கள். உள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று கையைப் பிடிப்பவரோடு போக வேண்டாம். இந்த நிலையான கட்டணம் பாரிஸ் நகரத்துக்குள் மட்டும்தான், புறநகர் உறவினர் வீட்டுக்குப் பொருந்தாது.

அட்டையா, போனா

வாரப் பாஸை ஈசி அட்டையில் ஏற்ற முடியாது. அதற்கு நவிகோ தெக்குவெர்த் என்ற வேறு அட்டை, 5 யூரோ. நிலையக் கவுன்ட்டரில் கிடைக்கும். கூடவே வரும் தாளில் பெயர் எழுதி, 25 மி.மீ.க்கு 30 மி.மீ. அளவில் ஒரு படம் ஒட்ட வேண்டும். ஊரிலேயே இந்த அளவில் படத்தை வெட்டி எடுத்து வாருங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கத்தரித்தாலும் போதும். படம் ஒட்டாமல் பயணம் செய்து பரிசோதகரிடம் மாட்டினால், செல்லுபடியாகும் பாஸ் கையில் இருந்தும் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

போனில் வாங்கினால் அட்டையும் வேண்டாம், படமும் வேண்டாம், 5 யூரோ மிச்சம். 2024 மே முதல் ஐபோனிலும் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் பல போன்களில் வேலை செய்யும். ஊரில் இருக்கும்போதே இல்-து-பிரான்ஸ் மொபிலிதே செயலியை இறக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு போனில் ஒருவருக்குத்தான் பாஸ். எனவே இளையவர்களுக்குப் போன், அம்மா அப்பாவுக்கு அட்டை என்பதே எங்கள் வீட்டு வழக்கம். போனில் சார்ஜ் தீர்ந்தால் பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள். அப்பாவுக்குச் சட்டைப் பையில் அட்டை இருப்பதே நிம்மதி.

வந்த பிறகு ஒரு நாளாவது நம் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. கார் து நோரில் இறங்கி நடந்தே போகலாம்; இரண்டாம் பாதையின் லா ஷப்பல் நிலையத்துக்கு அங்கிருந்து உள்வழியும் இருக்கிறது. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், ஈழத்துக் கடைகள், கொத்துரொட்டிச் சத்தம், கொஞ்சம் தள்ளி மாணிக்க விநாயகர் கோயில். கோடைக் கடைசியில் தேர்த் திருவிழா நடக்கும்போது தெருவே தேங்காய் ஓட்டால் நிறைந்திருக்கும். திரும்பும்போது இரண்டு கையிலும் பை இருக்கும், அப்போது படிக்கட்டு வேண்டாம். வீட்டுப் பக்கம் போகும் பஸ் எது என்று கடைக்காரரிடமே தமிழில் கேட்டுக்கொள்ளலாம்.

இரவு வேளையில் மெட்ரோ ஏறக்குறைய ஒன்றேகால் வரை ஓடும், வெள்ளி சனிகளில் இரண்டேகால் வரை. பிறகு நொக்தீலியன் என்ற இரவு பஸ்கள், அவற்றிலும் உங்கள் பாஸ் செல்லும்.

கடைசியாக, திங்கட்கிழமை அதிகாலை விமானம் உள்ளவர்களுக்கு. ஞாயிறு நள்ளிரவோடு வாரப் பாஸ் முடிந்துவிடும், காலை ரயிலுக்கு அது உதவாது. ஞாயிறு மாலையே ஈசி அட்டையிலோ போனிலோ விமான நிலைய டிக்கெட்டை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் சூட்கேஸோடு இயந்திரத்தின் முன் நின்று தேட வேண்டியிருக்காது.